ஜெசோர் சாலையில் ஓர் அமெரிக்கக் கவிதை

கொல்கத்தாவில் பதினோராம் வகுப்பு படிக்கும் பெண்ணிடம் அமெரிக்கக் கவிதை ஒன்றைப் பற்றிக் கட்டுரை கேட்டால் என்ன வரும்? கவிஞர் பிறந்த ஊர், வாங்கிய பரிசுகள், கடைசியில் 'மனிதநேயத்தை வலியுறுத்துகிறது' என்று ஒரு வரி. குற்றம் அவளுடையதல்ல. தேடிப் போக நாம் அவளுக்கு எதையும் கொடுக்கவில்லை. டீ ஆறுவதற்குள் ஓர் உதாரணம் சொல்கிறேன்.

ஆலன் கின்ஸ்பெர்க் எழுதிய 'செப்டம்பர் ஆன் ஜெசோர் ரோடு'. 1962-லேயே கொல்கத்தாவுக்கு வந்து தங்கி, வங்கக் கவிஞர்களோடு பழகியவர் அவர். 1971 செப்டம்பரில் மறுபடி வந்தார். இன்றைய வங்கதேசமான கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வந்து குவிந்துகொண்டிருந்த நேரம். அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டினார்கள். வங்கக் கவிஞர் சுனில் கங்கோபாத்யாயும் உடன் போக, கின்ஸ்பெர்க் முகாம்களைப் பார்த்தார். கவிதையை எழுதியது நவம்பரில்.

இந்த 'நவம்பர்' என்ற இடத்தில் மாணவியை நிறுத்துங்கள். இந்தியா–பாகிஸ்தான் போர் தொடங்கியது டிசம்பர் 3. முடிந்தது டிசம்பர் 16. ஆக, எழுதியவருக்கு முடிவு தெரியாது. வங்கதேசத்தை வரைபடத்தில் பார்த்தே வளர்ந்தவள், அது இன்னும் பிறக்காத ஒரு மாதத்துக்குள் போய் நின்று படிக்க வேண்டும். அமெரிக்காவின் நிக்சன் அரசு அப்போது பாகிஸ்தான் பக்கம் நின்றது என்று தெரிந்துகொண்டால், கவிஞர் சொந்த நாட்டைப் பார்த்து ஏன் அவ்வளவு கேள்வி கேட்கிறார் என்பதும் விளங்கும்.

அடுத்தது வடிவம். 1956-ல் வந்த அவருடைய 'ஹௌல்' நீண்ட நீண்ட வரிகளால் ஆனது, வால்ட் விட்மன் வழியில். (விட்மனைப் பற்றி நம் பாரதியும் எழுதியிருக்கிறார், தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதையும் சொல்லுங்கள்.) ஜெசோர் கவிதையோ குறுகிய வரிகள், எதுகை இயைபு, பாடுவதற்கான தாளம். ஏன் மாற்றினார்? இதற்கு ஒரே விடை கிடையாது. அதனாலேயே கட்டுரைக்கு உகந்த கேள்வி இது. பாடகி மௌசுமி பௌமிக் இந்தக் கவிதையைத் தழுவி வங்க மொழியில் பாடிய பாட்டைக் கேட்டுவிட்டு அவள் யோசிக்கட்டும்.

தேடுவதற்கு ஊரிலேயே இடம் இருக்கிறது. அலிப்பூர் தேசிய நூலகத்துக்கு ஆசிரியர் போய் 1971-ன் செய்தித்தாள்களிலிருந்து நகல் எடுத்து வரலாம். டம்டம், பாராசாத் வழியாக எல்லைக்குப் போகும் அதே ஜெசோர் சாலையில் அந்த ஆண்டைக் கண்ணால் பார்த்த பாட்டிகளும் தாத்தாக்களும் இன்னும் இருக்கிறார்கள். குறிப்பேட்டில் ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் அதைச் சொன்னது யார், எப்போது என்று எழுதச் சொல்லுங்கள். பத்திரிகை சொன்னதும் பாட்டி சொன்னதும் முரண்பட்டால் இரண்டையும் வைத்துக்கொள்ளட்டும். முரண்பாட்டைப் பற்றி எழுதும் பத்திதான் பெரும்பாலும் கட்டுரையின் சிறந்த பத்தி. கவிஞரின் வாழ்க்கை வரலாற்றுக்கு இரண்டு வரி போதும்.

அந்த முகாம்களைப் பெரியவர்களாகப் பார்த்தவர்களுக்கு இன்று எழுபது வயதுக்கு மேல். ஆசிரியர்களே, இந்தப் பாடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளாதீர்கள்.