இரண்டும் சேர்ந்து நின்றால்

கீபோர்டும் மவுஸும் ஒரே நேரத்தில் அசையாமல் போனால், டெல்லியில் பலர் உடனே நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் சந்தைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். புதுசு வாங்கிச் செருகினால் அதுவும் அசைவதில்லை. இரண்டும் சேர்ந்து நிற்கும்போது கோளாறு பெரும்பாலும் அவற்றில் இருக்காது. யூஎஸ்பி போர்ட்டிலோ விண்டோஸிலோ இருக்கும். வயர்லெஸ் செட் என்றால், இரண்டுக்கும் பொதுவான அந்தக் குட்டி ரிசீவரை முதலில் சந்தேகப்படுங்கள்.

கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு மாறவில்லையா? திரையின் மூலையில் உள்ள கடிகாரத்தை ஒரு நிமிடம் கவனியுங்கள். நிமிடம் நகர்ந்தால் கம்ப்யூட்டர் உறையவில்லை, தொடர்புதான் அறுந்திருக்கிறது.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். சுவரில் ஸ்விட்சை நிறுத்தி, சிபியுவின் பவர் கேபிளையே உருவுங்கள். பிரிண்டர், பென் டிரைவ், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். அணைத்த பிறகும் மதர்போர்டில் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கேபிளை உருவினால்தான் சிக்கிக்கொண்ட போர்ட் விடுபடும். கரண்ட் போய்ப் போய் வரும் கோடையில் பல கம்ப்யூட்டர்கள் இதிலேயே சரியாகிவிடுகின்றன.

பிறகு பவர் கேபிளை மாட்டி, கீபோர்டையும் மவுஸையும் மட்டும் பின்பக்கப் போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். மே, ஜூன் மாதப் புழுதிக்காற்றில் முன்பக்கப் போர்ட்டுகளில் தூசி அடைந்திருக்கும். வட்டமான பிளக் வைத்த பழைய கீபோர்டு என்றால், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டே மாட்ட வேண்டும்.

ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 விசையை விடாமல் தட்டுங்கள். பயாஸ் திரை வந்து அம்புக்குறி விசைகள் வேலை செய்தால் நிம்மதி: வன்பொருள் நலம், பழுது விண்டோஸில். வேறு கீபோர்டுக்கும் பயாஸ் அசையாவிட்டால் போர்ட்டோ மதர்போர்டோதான். கடைக்கு சிபியுவையே தூக்கிப் போங்கள்.

விண்டோஸ்தான் என்றால், ரிக்கவரி திரை வழியாக சேஃப் மோடுக்குப் போய், கடைசி அப்டேட்டை நீக்கிப் பாருங்கள். விண்டோஸ் 11-க்கு 2025 அக்டோபர் 14 அன்று வந்த அப்டேட், அந்த ரிக்கவரி திரையிலேயே யூஎஸ்பி கீபோர்டையும் மவுஸையும் முடக்கிவிட்டது. வட்டமான பிளக் வைத்த பழைய கீபோர்டுகள் தப்பித்தன. மைக்ரோசாஃப்ட் அக்டோபர் 20 அன்றே திருத்தம் வெளியிட்டது. அது போடாத கம்ப்யூட்டரில் மாட்டிக்கொண்டால், வேறொரு கம்ப்யூட்டரில் விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவ் தயாரித்து, அதிலிருந்து பூட் செய்யுங்கள். அங்கே இரண்டும் வேலை செய்யும்.