தூதுவனை எண்ணுதல்

அட்ரினலின் என்னும் இயக்குநீர் குருதியில் கலந்ததும் கல்லீரல் தன் சேமிப்பைக் கரைத்துக் குளுக்கோசை வெளிவிடுகிறது. ஆனால், அட்ரினலின் கல்லீரல் செல்லுக்குள் நுழைவதில்லை. வெளிச்சவ்வைத் தொட்டு நின்றுவிடுகிறது. வாயிலில் நிற்பவரின் செய்தியை உள்ளே கொண்டு செல்வது யார்? இவ்வினாவுக்கு விடை கண்டவர் அமெரிக்க அறிவியலாளர் ஏர்ல் சதர்லாந்து. 1950களின் பிற்பகுதியில் அவர் கண்டறிந்த சிறு மூலக்கூறே வளைய ஏ.எம்.பி. இயக்குநீர் முதல் தூதுவன் எனில், இஃது இரண்டாம் தூதுவன். இதனையும் இதன் இனமாகிய வளைய ஜி.எம்.பி.யையும் வளைய நியூக்ளியோடைடுகள் என்பர். இயக்குநீர்கள் செயற்படும் முறையை விளக்கியமைக்காகச் சதர்லாந்து 1971இல் நோபல் பரிசு பெற்றார்.

தூதுவன் உண்டு என்பது தெரிந்தது. அவன் எவ்வளவு உள்ளான் என்று அளப்பதுதான் அரிதாயிற்று. ஒரு கிராம் திசுவில் இருப்பது ஏறத்தாழ ஒரு மோலின் நூறு கோடியில் ஒரு பங்கு. அதே திசுவில், அமைப்பில் இதனை ஒத்த ஏ.டி.பி. ஆயிரம் மடங்குக்கும் மேலாக நிறைந்திருக்கிறது. ஒத்த முகங்கள் நிறைந்த பெருங்கூட்டத்தில் ஒருவனை மட்டும் இனங்காணும் ஆற்றல் உடலின் எதிர்ப்பொருளுக்கு உண்டு.

அங்கும் ஒரு தடை இருந்தது. எதிர்ப்பொருளின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 1,50,000, வளைய ஏ.எம்.பி.யின் எடையோ 329. இவ்வளவு சிறிய பொருளை உடல் அயலானாகக் கருதுவதில்லை. எனவே அதனை ஆல்புமின் போன்ற பெரிய புரதத்துடன் பிணைத்து முயலுக்குச் செலுத்தி எதிர்ப்பொருளைப் பெறுகின்றனர். பெரிய புரதங்களை இரு எதிர்ப்பொருள்கள் இருபுறமும் பற்றிக்கொள்ளுமாறு செய்து அளக்கலாம். இச்சிறு மூலக்கூறில் இரண்டு பற்றுவதற்கு இடமில்லை. ஆகவே போட்டி முறை தேவைப்பட்டது.

அம்முறையை இன்சுலினை அளப்பதற்காக உருவாக்கியவர்கள் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் ஆவர். இன்சுலினுக்கு எதிராக உடல் எதிர்ப்பொருளை உருவாக்கும் என்ற அவர்களின் கருத்தை அன்றைய ஆய்விதழ்கள் எளிதில் ஏற்கவில்லை. தலைப்பிலிருந்து அச்சொல்லை நீக்கிய பின்னரே 1956இல் கட்டுரை வெளிவந்தது. யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றபோது பெர்சன் உயிரோடு இல்லை. இம்முறையை வளைய ஏ.எம்.பி.க்குப் பொருத்தி, ஆல்ட்டன் ஸ்டெய்னரும் அவர்தம் குழுவினரும் 1969இல் வெளியிட்டனர்.

பத்தே இருக்கைகள் கொண்ட சிற்றுந்து ஒன்றை எண்ணிப் பாருங்கள். சிவப்புச் சட்டையினர் நூறு பேர் முண்டியடித்தால் பத்து இருக்கையும் சிவப்பே. வெள்ளைச் சட்டையினர் நூறு பேரும் கலந்துகொண்டால் சிவப்பு ஏறத்தாழ ஐந்தாகும்; முந்நூறு பேர் வந்தால் இரண்டோ மூன்றோதான் எஞ்சும். வெள்ளைச் சட்டையினரை எண்ணாமலே, அமர்ந்திருக்கும் சிவப்பைக் கொண்டு அவர்தம் தொகையை அறியலாம்.

இருக்கைகள், அளவாக இடப்பட்ட எதிர்ப்பொருள்கள்; சிவப்புச் சட்டையினர், நொதி பிணைக்கப்பட்ட வளைய ஏ.எம்.பி.; வெள்ளைச் சட்டையினர், மாதிரியில் உள்ள வளைய ஏ.எம்.பி. தொடக்கத்தில் நொதிக்கு மாற்றாகக் கதிரியக்க அயோடின் பயன்பட்டது. இடம் பெறாதவற்றைக் கழுவி நீக்கி, நொதியால் நிறம் பெறும் கரைசலை ஊற்றுவர். நிறம் மிகுந்தால் மாதிரியில் பொருள் குறைவு; நிறம் வெளிறினால் பொருள் மிகுதி. புதிதாகக் கற்போர் தடுமாறுவது இத்தலைகீழ் உறவில்தான். அறிந்த அளவுகளைக் கொண்டு முன்னரே வரைந்த வளைகோட்டுடன் ஒப்பிட்டு, அறியாத அளவைப் பெறுகின்றனர்.

கருவியைவிட மாதிரியைக் காப்பதே கடினம் எனலாம். செல்லில் உள்ள பாஸ்போடைஎஸ்டரேஸ் என்னும் நொதி, இத்தூதுவனை விரைந்து சிதைத்துவிடும். ஆதலால் திசுவை எடுத்தவுடன் நீர்ம நைட்ரஜனில் உறையவைப்பர். அல்லது அமிலத்தில் இட்டு நொதியை முடக்குவர். தாமதித்தால், இல்லாத ஓர் உண்மையைக் கருவி மிகத் துல்லியமாக அளந்து காட்டும்.

குருதியில் கால்சியம் குறைந்து, தசைகள் இழுத்துக்கொள்ளும் குழந்தை ஒன்று மருத்துவரிடம் வருகிறது. பாராதைராய்டு சுரப்பி இயக்குநீரைச் சுரக்கவில்லையா? சுரந்தும் சிறுநீரகம் அதற்குச் செவிசாய்க்கவில்லையா? இரண்டாவது நிலையும் உண்டு என்று புல்லர் ஆல்பிரைட் 1942இல் எடுத்துரைத்தார். இன்று அவ்வியக்குநீரைச் செலுத்திச் சிறுநீரில் வளைய ஏ.எம்.பி.யை அளக்கின்றனர். அளவு பன்மடங்கு உயர்ந்தால் குறை சுரப்பியில் உள்ளது. உயராது நின்றால், செய்தி வாயில் வரை வந்தும் உள்ளே தூதுவன் புறப்படவில்லை.