பிளக்கைப் பிடுங்கினாலும் பயம் போகாது

"அதான் பிளக்கைப் பிடுங்கிட்டீங்களே, இனி என்ன பயம் அண்ணே?" என்றபடி ஆர்கேட் திரையின் பின்பக்கம் கையை நீட்டினேன். கிள்ளானில் பழைய விளையாட்டு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் அண்ணன், என் கையை வெடுக்கென்று இழுத்தார்.

1980இல் வந்த பேக்-மேன் காலத்து இயந்திரங்களில் இருப்பது கண்ணாடிப் படக்குழாய். அதற்குச் சுமார் 20,000 வோல்ட் வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் ஒரு பகுதி குழாயிலேயே தங்கியிருக்கும்.

அண்ணன் இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். குழாயின் எர்த் கம்பியோடு ஒயரால் இணைத்த ஸ்குருடிரைவரை ரப்பர் மூடிக்கு அடியில் மெல்ல நுழைத்தார். 'டப்!'

"கொஞ்ச நேரத்துல மறுபடியும் சேரும் தம்பி. இன்னொரு தடவை செய்யணும்."

பழுதுபார்த்த பிறகும் அவர் அவசரப்படவில்லை. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, மின்சாரம் வரும் வழியில் ஒரு குண்டு பல்பையும் இணைத்தார். பல்பு பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட். எங்கள் பல்பு ஒளிர்ந்து மங்கியது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

வீட்டு மூலையில் கிடக்கும் பழைய டிவியிலும் இதே வகைக் குழாய்தான். பின்மூடியைக் கழற்றாதீர்கள், தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.