ஆடு கடிக்காத செடி

கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் கரிசல் பக்கம், மழை பொய்த்த வருஷத்தில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். பருத்தி வாடியிருக்கும், உளுந்து கருகியிருக்கும். வரப்போரத்தில் ஒரு செடி மட்டும் ஐந்து இதழையும் விரித்து, ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும். நித்தியகல்யாணி. சுடுகாட்டு மேட்டிலும் அதுவே பூத்துக் கிடப்பதால் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வோம். அந்தப் பெயருக்குப் பயந்தே பெண்பிள்ளைகள் அதைத் தலையில் வைப்பதில்லை. பசி வந்தால் வேலிமுள்ளையே மென்றுவிடும் வெள்ளாடுகூட, மூக்கை அருகே கொண்டுபோய் ஒரு தும்மல் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். ஆடு கடிக்காது, காவல் வேண்டாம் என்பதற்காகவே எங்கள் பக்கம் சிலர் அதை மானாவாரியில் விதைத்தார்கள். வேரையும் இலையையும் காயவைத்து மூட்டை கட்டினால், வியாபாரி வந்து தூத்துக்குடிக்கு ஏற்றிக்கொண்டு போவார். எதற்கு என்று கேட்டால், "வெளிநாட்டுல மருந்துக்காம்ல" என்பார். அதற்குமேல் அவருக்கும் தெரியாது. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த மூட்டை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை, நாற்பது வருஷம் கழித்துச் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரி வார்டில் பார்த்தேன்.

அக்கா பேரனுக்கு அப்போது ஆறு வயது. விட்டு விட்டுக் காய்ச்சல், ஓயாத கால்வலி, எங்கேயும் இடிக்காமலே தோலில் கன்றிய திட்டுகள். இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தப் புற்றுநோய் என்றார்கள். குழந்தைகளுக்கு வரும் புற்றுகளில் அதிகமாக வருவது இந்த வகைதானாம். அக்கா மகள் கேட்ட முதல் கேள்வி, "ஆபரேஷன் பண்ணி எடுத்துர முடியாதா?" என்பது. கட்டி என்றால் கத்தி வைக்கலாம். ஓரிடத்தில் தங்கி நிற்பது என்றால் கதிர் பாய்ச்சலாம். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஓடிக்கொண்டே இருக்கும் ரத்தத்தை எங்கே வெட்டுவது? அது போகிற இடமெல்லாம் பின்னாலேயே போகக்கூடிய ஒன்று வேண்டும். அதனால்தான் மருந்து.

முதல் ஊசி மிகச் சின்னது. தண்ணீர் மாதிரி நிறமற்ற திரவம். இரண்டு செவிலியர் சேர்ந்து பையனின் பெயர், மருந்தின் பெயர், அளவு மூன்றையும் உரக்கப் படித்துச் சரிபார்த்தார்கள்.

"என்ன மருந்தும்மா இது?"

"வின்கிறிஸ்டின் சார். நித்தியகல்யாணின்னு ஒரு செடி இருக்குல்ல, அதுல இருந்து எடுக்கிறது."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

மடகாஸ்கர் தீவுதான் அந்தச் செடியின் பிறந்த ஊர். கப்பல்காரர்களோடு வெப்ப நாடுகளெல்லாம் பரவி, ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் கஷாயமாகிவிட்டது. 1952-இல் அங்கிருந்த ஒரு நோயாளி, அந்த இலைகளில் இருபத்தைந்தை ஓர் உறையில் போட்டு, கனடாவில் கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு அனுப்பினார். அவர் அதைத் தன் தம்பியும் ஆராய்ச்சியாளருமான ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். எலிகளுக்குச் சாற்றைக் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை துளியும் இறங்கவில்லை. ஊசியாகப் போட்டபோது எலிகள் செத்தன. வேறொருவராக இருந்தால் இலையைக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். ராபர்ட் நோபிள் ஏன் செத்தன என்று பார்த்தார். எலிகளின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் காணாமல் போயிருந்தன, எலும்பு மஜ்ஜை வெறுமையாகியிருந்தது. வெள்ளணுவை இப்படித் துடைக்கிற ஒன்று, வெள்ளணு கட்டுக்கடங்காமல் பெருகுகிற நோயில் என்ன செய்யும்? சார்ல்ஸ் பீர் என்ற வேதியியலாளர் வந்து சேர, சில ஆண்டுகளில் வின்பிளாஸ்டின் கிடைத்தது. அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனத்தில் அதே செடியில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் வின்கிறிஸ்டினைப் பிரித்தார்கள். 1963-இல் அது மருந்தாக அங்கீகாரம் பெற்றது.

அது உடம்புக்குள் செய்கிற வேலையைக் கேட்டபோதுதான் எனக்கு மெய்சிலிர்த்தது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, தன் மரபுச்சரடுகளை இரட்டையாக்கி நடுவில் வரிசையாக நிறுத்துகிறது. இரண்டு பக்கமிருந்தும் நுண்ணிய கயிறுகள் வந்து பற்றிக்கொண்டு, இது உனக்கு, இது எனக்கு என்று பாகம் பிரித்து இழுக்கின்றன. அந்தக் கயிறு டியூபுலின் என்ற மணிகளைக் கோத்துக் கோத்துத் திரித்தது. வேண்டும்போது திரித்துக்கொள்ளும், வேலை முடிந்ததும் அவிழ்த்துப் போடும். நித்தியகல்யாணியின் நஞ்சு அந்த மணியைப் பிடித்துக்கொள்கிறது. கயிறு திரியாது. சரடுகள் நடுவிலேயே நிற்கும். பிரியவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் அணு அப்படியே மாய்ந்துபோகும். ஓயாமல் பிரிந்துகொண்டிருப்பது புற்றணு என்பதால் அடி முதலில் அதற்கு விழுகிறது.

செடி இந்த நஞ்சை வைத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். நஞ்சின் ஒரு பாதி கேதரந்தின். அதை இலையின் மேற்பரப்பு மெழுகில் பூசி வைத்திருக்கிறது. மறுபாதி விண்டோலின். அதை இலைக்குள்ளே தனி அணுக்களில் பூட்டி வைத்திருக்கிறது. வெடிமருந்தையும் திரியையும் ஒரே அறையில் வைக்காத வாணக்காரரின் புத்தி. இரண்டு பாதியும் சேர்ந்த முழுநஞ்சு இலையில் மிகச் சொற்பம். ஒரு கிராம் வின்கிறிஸ்டினுக்கு ஏறக்குறைய 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்று கணக்குச் சொல்கிறார்கள். எங்கள் பையனுக்கு ஏறியது சுமார் ஒரு மில்லிகிராம். அதாவது அந்தச் சின்ன ஊசிக்குள் அரைக் கிலோ சருகு இருந்தது. இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் செடியின் மகிமையைக் கேட்டதும் இலையைப் பறித்து அரைத்துக் குடிக்கக் கிளம்புகிறவர்கள் நம்மில் உண்டு. செய்யாதீர்கள். ஆடு சும்மா தும்மவில்லை.

நான் யோசித்துக்கொண்டே இருந்தது வேறு. செடி இந்த நஞ்சைச் செய்துகொண்டது தன்னைக் கடிக்க வரும் பூச்சி, புழுவுக்காக. சென்னையில் காய்ச்சலோடு கிடக்கும் ஒரு பையனை அது அறியாது. பிறகு அதன் சாவி இவன் பூட்டில் எப்படிப் பொருந்தியது? பதில் அந்த மணியில் இருக்கிறது. புழுவின் அணுவைப் பிரிக்கிற கயிறும், ஆட்டின் அணுவைப் பிரிக்கிற கயிறும், இவன் அணுவைப் பிரிக்கிற கயிறும் கிட்டத்தட்ட ஒரே மணியில் திரித்தவை. ரொட்டி உப்ப வைக்கும் ஈஸ்டில்கூட அதன் உறவுமணிதான். குயவர் ஒருவர், பிசைந்த மண் ஒன்று, பாத்திரம் மட்டும் கோடி. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் அறிவியல் நடத்தியவன் நான். சாமி கும்பிடுகிறவனும்கூட. என் இரண்டு பாதியும் ஒன்றாகக் கைகூப்பியது அந்த வார்டில்தான்.

இரண்டாவது மருந்து சிவப்பு. ஸ்டாண்டில் தொங்கிய பையிலிருந்து குழாய் வழியே செக்கச்சிவந்து இறங்கியது. பையன் முகத்தில் அன்றுதான் கொஞ்சம் வெளிச்சம்.

"தாத்தா, கலரு ஏத்துறாங்க!"

எங்கள் ஊரில் பாட்டில் சோடாவுக்குக் கலர் என்றுதான் பெயர். சாயங்காலம் சிறுநீரும் சிவப்பாகப் போனபோது அவன் தாய் அலறிவிட்டாள். அது மருந்தின் நிறம்தான், ரத்தம் இல்லை என்று செவிலியர் முதல்நாளே சொல்லியிருந்தும் பெற்ற மனசு கேட்கவில்லை. டானோரூபிசின் என்று அதற்குப் பெயர். இத்தாலியில் காஸ்டெல் டெல் மோன்டே என்றொரு பழைய கோட்டை. அதன் அருகே 1950-களில் அள்ளிய ஒரு பிடி மண்ணில், ரத்தச்சிவப்பாக ஒரு சாயத்தைக் கக்கிக்கொண்டிருந்தது ஒரு நுண்ணுயிர். ஸ்ட்ரெப்டோமைசிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. முதல் மழை விழுந்ததும் கரிசலில் இருந்து ஒரு வாசனை கிளம்புமே, நெஞ்சு நிறைய இழுப்போமே, அந்த மண்வாசனையைச் செய்கிறதும் இதே குடும்பம்தான். அதன் சிவப்புச் சாயம், புற்றணுவின் மரபேணியில் படிக்கும் படிக்கும் நடுவே நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. ஏணியைப் படியெடுக்க முடியாமல் அணு திணறுகிறது.

மூன்றாவது ஆஸ்பராஜினேஸ். இதன் கதை ஓர் ஆய்வகத்தில் தொடங்கியது. 1953-இல் ஜான் கிட் என்பவர், புற்றுள்ள சுண்டெலிகளுக்கு வேறொரு ஆராய்ச்சிக்காகக் கினிப்பன்றியின் சீரத்தைப் போட்டார். கட்டிகள் கரைந்தன. காரணம் புரியப் பத்து வருஷம் போல ஆனது. ஆஸ்பராஜின் என்ற சத்தை மற்ற அணுக்கள் தாமே சமைத்துக்கொள்ளும். இந்தப் புற்றணுவுக்கு அந்தச் சமையல் வராது. ரத்தத்தில் ஓடுவதை எடுத்துத்தான் தின்ன வேண்டும். கினிப்பன்றியின் ரத்தத்தில் அந்தச் சத்தைச் சிதைக்கும் நொதி இருந்திருக்கிறது. கடையைச் சாத்தினால் அடுப்பில்லாதவன் பட்டினி. இன்று அந்த நொதியை நம் குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியாவிடமிருந்து வாங்குகிறோம்.

நான்காவது முதுகில் போடுவது. இந்தப் புற்றணுவுக்கு ஒரு தந்திரம் தெரியும். மூளையைச் சுற்றி ஆண்டவன் ஒரு மதில் கட்டியிருக்கிறான். ரத்தத்தில் வருகிற கண்டதும் உள்ளே போகாது. அந்த மதிலுக்குள் போய் ஒளிந்துகொண்டால் மருந்தும் தொடராது. 1960-களில் மெம்பிஸ் நகரத்தில் டொனால்ட் பின்கெல் இந்த ஒளிவிடத்தையும் சேர்த்துத் தாக்கிய பிறகுதான், "கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம்" என்றிருந்த நோய் "குணமாகும்" என்றானது. அப்போது தலைக்குக் கதிர் பாய்ச்சினார்கள். இப்போது பெரும்பாலும், முதுகுத்தண்டு நீரில் மெதோட்ரெக்ஸேட் செலுத்துவதே போதும் என்கிறார்கள். ஃபோலிக் அமிலத்தின் முகச்சாயலில் செய்த வேஷதாரி அது. பசுங்கீரையில் இருக்கிற சத்து ஃபோலிக் அமிலம். புது அணு செய்ய அது வேண்டும். புற்றணு அதுதான் என்று நம்பி இதைப் பிடித்துக்கொண்டு ஏமாறுகிறது. இந்த வகை மருந்துகளின் பின்னால் இருந்தவர், பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ். அமெரிக்காவில் அவர் குழு செய்துகொடுத்த அமினோப்டெரினைத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுத்து, 1948-இல் முதன்முறையாக இந்த நோய் பின்வாங்குவதைக் காட்டினார். அதே ஆண்டு சுப்பாராவ் காலமானார். அவர் படித்த ஊரில்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். வார்டில் யாருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை.

முதுகு ஊசி நாளன்று வின்கிறிஸ்டினை அந்தத் தட்டிலேயே வைக்க மாட்டார்கள். ஏன் என்று டாக்டரிடம் கேட்டேன். சிரையில் போனால் மருந்து, முதுகில் போனால் மரணம் என்றார். ஒரே துளி. இடைவெளி ஒரு சாண். இரண்டு பேர் உரக்கப் படிப்பதன் அர்த்தம் எனக்கு அன்றுதான் விளங்கியது. அதன்பிறகு அந்தப் படிப்பு எனக்கு மந்திரம் போலவே கேட்டது.

கஷ்டம் இல்லாமல் இல்லை. மூன்றாவது வாரத்தில் பையன் நடக்கும்போது பாதத்தின் முன்பகுதி தரையில் இழுபட்டது. மலம் இறுகி அழுதான். நரம்புகள் ஒன்றும் பிரிந்து பெருகுவதில்லையே, அவற்றை ஏன் இந்த மருந்து தொடுகிறது என்று கேட்டேன். அந்த டியூபுலின் கயிறுதான் நரம்புக்குள்ளே தண்டவாளமாம். முதுகெலும்பிலிருந்து கால்விரல் வரை நீளும் ஒரே நரம்பணுவுக்குள் சரக்கு போவதும் வருவதும் அதன்மேல்தான். நீளமான பாதை முதலில் அடிபடும், அதனால்தான் கால். கட்டும்போது ஒரே நூலைப் பத்து இடத்தில் பயன்படுத்திய சிக்கனம், அவிழ்க்கும்போது பத்து இடத்திலும் இழுக்கிறது. மருந்து நின்ற பிறகு மெல்லச் சரியாகும் என்றார்கள். ஆகிக்கொண்டும் வருகிறது.

இவை எதற்கும் மசியாத நோய்க்குப் பிறர் மஜ்ஜையை மாற்றி வைப்பது உண்டு. அதையும் தாண்டி இப்போது, நோயாளியின் சொந்த வெள்ளணுக்களை வெளியே எடுத்து, புற்றணுவை அடையாளம் காணும் கண்ணைப் பொருத்தித் திரும்ப அனுப்புகிறார்கள். 2012-இல் ஃபிலடெல்ஃபியாவில் முதன்முதலில் ஒரு சிறுமிக்கு அப்படிச் செய்தார்கள். கண்ணைச் சுமந்து சென்ற வாகனம், நஞ்சு நீக்கிய எச்.ஐ.வி. வைரஸ். பம்பாயில் உருவான அதேபோன்ற ஒரு சிகிச்சைக்கு 2023-இல் இந்தியாவிலும் அனுமதி கிடைத்திருக்கிறது. எங்களுக்கு அதற்கு அவசியம் வரவில்லை.

எங்களுக்கு வந்தது காத்திருப்பு. மருந்துகள் கெட்டதோடு நல்லதையும் துடைத்துவிட்டன. மஜ்ஜை, அறுவடை முடிந்த புஞ்சை மாதிரிக் கிடந்தது. பெரியவர் ஒருவரின் மஜ்ஜை ஒரு நாளில் மட்டும் ஏறக்குறைய 20,000 கோடி சிவப்பணுக்களைச் செய்து அனுப்புமாம். அந்தப் பட்டறை பூட்டிக் கிடந்தது. வெளியிலிருந்து பிளேட்லெட் ஏற்றினார்கள், ரத்தம் ஏற்றினார்கள், கிருமி அண்டாமல் முகமூடி போட்டு உட்காரவைத்தார்கள். விளைய வைக்க மட்டும் யாராலும் முடியாது. அக்கா மகள் ஒரு பழைய டைரியில் காலையில் வரும் கவுண்டைக் குறித்துக்கொண்டே வந்தாள். கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்களின் கணக்கு அது. 40. மறுநாள் 40. அடுத்த நாள் 20. அன்று அவள் சாப்பிடவில்லை. பிறகு 90. 210. யார் சொல்லி எழுந்தன, எங்கே ஒளிந்திருந்தன அந்த விதையணுக்கள், எதை வைத்துச் சிவப்புக்கு இவ்வளவு, வெள்ளைக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்தன? 480. ஒரு வியாழக்கிழமை விடிகாலை அவள் வராந்தாவுக்கு ஓடிவந்து, பெஞ்சில் படுத்திருந்த என்னை உலுக்கினாள்.

"மாமா, ஆயிரத்து நூறு!"

ஊருக்குப் போன் போட்டு அக்காவிடம் சொன்னேன். எண்ணெல்லாம் அவளுக்குப் புரியாது. "மழை பேஞ்சிருச்சுன்னு சொல்லு" என்றாள்.