ஆபீஸ் போன் எத்தனை விநாடி அடிக்கணும்? வாய்ஸ்மெயிலுக்கு முந்தைய அரை நிமிடக் கணக்கு

பெங்களூருவில் உள்ள ஓர் அலுவலகத்துக்கு போன் செய்கிறீர்கள். நாலே நாலு 'டிரிங் டிரிங்'. அதற்குள், 'பீப் ஒலிக்குப் பிறகு உங்கள் தகவலைச் சொல்லவும்' என்று ரெக்கார்டிங் பேச ஆரம்பித்துவிடுகிறது. நம்ம ஊரில் பலர் அந்த இடத்திலேயே கட் பண்ணிவிடுவார்கள். வேலை கேட்டு அழைத்தவரோ, புகார் சொல்ல வந்த வாடிக்கையாளரோ, அந்தத் தொடர்பு அங்கேயே போச்சு.

போன் எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? அதை மாற்ற முடியுமா?

இந்த நேரம் எங்கே இருக்கிறது?

இன்டர்நெட் போனில் வெளியிலிருந்து வரும் கால் நேராக உங்கள் மேஜைக்கு வருவதில்லை. கால்களைப் பிரித்து அனுப்பும் பிபிஎக்ஸ் என்ற சர்வருக்குத்தான் முதலில் வரும். அது உங்கள் போனை அடிக்கச் சொல்லிவிட்டு, விநாடிகளை எண்ணத் தொடங்கும். நேரம் முடிந்ததும் காலை எடுத்து வாய்ஸ்மெயிலிடம் கொடுத்துவிடும்.

அதனால் மேஜை போனின் மெனுவில் தேடினால் பெரும்பாலும் இது கிடைக்காது. பிபிஎக்ஸின் அட்மின் பக்கத்தில் 'ரிங் டைம்', 'நோ ஆன்சர் டைமர்' போன்ற பெயர்களில் இருக்கும். பெரிய நிறுவனங்கள் பல பயன்படுத்தும் சிஸ்கோ யூனிஃபைட் கம்யூனிகேஷன்ஸ் மேனேஜரில், யாரும் மாற்றாவிட்டால் இது வெறும் 12 விநாடி.

12 விநாடி என்றால் எத்தனை ரிங்?

அது நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் அழைப்பவர் காதில் 2 விநாடி ஒலி, 4 விநாடி அமைதி என்று கேட்கும். ஒரு சுற்று 6 விநாடி. இந்தியாவில் இரட்டை ஒலி. ஒரு சுற்று 3 விநாடிதான். அதே 12 விநாடி அங்கே 2 ரிங், இங்கே 4 ரிங். 'அஞ்சு ரிங் அடிச்சா போதும்' என்று ஐ.டி. டீமிடம் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். விநாடியில் சொல்லுங்கள்.

சில விநாடிகளுக்கு இவ்வளவு முக்கியத்துவமா?

இதே விஷயத்துக்காக 2019-ல் நாட்டின் பெரிய மொபைல் நிறுவனங்களே மோதிக்கொண்டன. அப்போது ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் எண்ணுக்குப் பேசினால், அழைத்தவரின் நிறுவனம் நிமிடத்துக்கு 6 பைசா தர வேண்டும். ஜியோ ஒலிக்கும் நேரத்தைச் சுமார் 20 விநாடியாகக் குறைத்துவிட்டது என்று ஏர்டெல் புகார் சொன்னது. எடுப்பதற்குள் கட் ஆனால் மிஸ்டு கால் ஆகும். பார்த்தவர் திருப்பி அழைப்பார். 6 பைசா எதிர்த்திசையில் போகும் என்பதுதான் அதன் வாதம். பிறகு ஏர்டெலும் 25 விநாடிக்குக் குறைத்தது.

கடைசியில் 2019 நவம்பர் 1-ம் தேதி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டது. எடுக்காமலும் நிராகரிக்காமலும் இருக்கும் கால், மொபைலில் 30 விநாடியும் லேண்ட்லைனில் 60 விநாடியும் ஒலிக்க வேண்டும் என்று நிர்ணயித்தது. அந்த 6 பைசா கட்டணம் 2021 ஜனவரி 1 முதல் இல்லாமல் போனது.

மிஸ்டு காலின் மதிப்பு பெங்களூருக்குப் புதிதல்ல. மிஸ்டு காலையே தொழிலாக்கிய ஜிப்டயல் நிறுவனம் 2010-ல் தொடங்கியது இந்த ஊரில்தான். 2015-ல் அதை ட்விட்டர் வாங்கியது.

மொபைலுக்கும் திருப்பிவிட்டால்?

தப்பு அதிகம் நடப்பது இங்கேதான். பிபிஎக்ஸ் எண்ணத் தொடங்கும் நொடியில் மொபைல் அடிக்கத் தொடங்குவதில்லை. நெட்வொர்க் உங்களைத் தேடிப் பிடிக்கச் சில விநாடி ஆகும். 20 விநாடி வைத்து, இணைய 5 விநாடி ஆனால், பாக்கெட்டில் அடிப்பது 15 விநாடிதான்.

அதற்காக 50, 60 என்று ஏற்றினாலும் பலன் இல்லை. அதற்குள் மொபைல் நிறுவனமே காலை முடித்துவிடும். உங்கள் ஆபீஸ் வாய்ஸ்மெயிலுக்குப் பதில் அவர்களின் அறிவிப்பு கேட்கலாம். வெளிநாட்டு மொபைலில் தனி வாய்ஸ்மெயில் இருந்தால், அது எடுத்ததையே 'ஆள் எடுத்துவிட்டார்' என்று பிபிஎக்ஸ் நினைத்துக்கொள்ளும். எடுத்தவர் 1-ஐ அழுத்தினால் மட்டுமே இணைக்கும் வசதி பல பிபிஎக்ஸ்களில் உண்டு. அதை ஆன் செய்வது நல்லது.

சரி, எவ்வளவு வைக்கலாம்?

மேஜை போன் மட்டும் என்றால் 25 முதல் 30 விநாடி பொருத்தமாக இருக்கும். இந்தியக் கணக்கில் எட்டு முதல் பத்து ரிங். முதலில் ரிசப்ஷன், பிறகு இன்னொருவர் என்று வரிசையாகப் போனால், ஒவ்வொருவருக்கும் 15 விநாடி வைத்து மொத்தத்தையும் கூட்டிப் பாருங்கள். மூன்று பேர் என்றால் அழைப்பவர் முக்கால் நிமிடம் காத்திருக்கிறார்.

மாற்றிய பிறகு, ஆபீஸுக்குள்ளிருந்து சோதிக்க வேண்டாம். வெளியே நின்று மொபைலில் அழைத்து, ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணுங்கள்.

ரிப்போர்ட்டில் ஒரு கவனம்

வாய்ஸ்மெயில் எடுத்த காலையும் சில பிபிஎக்ஸ்கள் 'பதிலளிக்கப்பட்டது' என்றே பதிவு செய்யும். ஆஸ்டெரிஸ்க் மென்பொருளில் இயங்கும் சர்வர்களில் இதைப் பார்க்கலாம். மாத ரிப்போர்ட்டில் எல்லாக் காலும் எடுத்தாச்சு என்று இருக்கும். அழைத்தவர்களோ யாரிடமும் பேசியிருக்க மாட்டார்கள். வாய்ஸ்மெயிலுக்குப் போய், தகவல் எதுவும் விடாமல் கட் ஆன கால்களைத் தனியாகப் பிரித்துத் தரும்படி கேளுங்கள். நீங்கள் திருப்பி அழைக்க வேண்டிய எண்கள் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.