முத்திரையும் குற்றமும்

குற்றம் புரிந்தவனையே சமூகம் குற்றவாளி என அழைக்கிறது என்று நாம் இயல்பாகக் கருதுகிறோம். பெயர் முந்திக்கொண்டு குற்றம் பின்தொடர்வதும் உண்டென்பதை அமெரிக்கச் சமூகவியலார் சிலர் சென்ற நூற்றாண்டில் எடுத்துரைத்தனர். 1938இல் ஃபிராங்க் டானன்பாம் இச்சிந்தனைக்கு வித்திட்டார். ஒருவன் முதன்முறை தவறுவது வேறு, தவறியவன் என்ற பெயரைச் சுமந்தபின் அதற்கேற்பவே வாழத் தலைப்படுவது வேறு எனப் பிரித்துக் காட்டியவர் எட்வின் லெமர்ட் (1951). ஹோவர்ட் பெக்கரோ 1963இல், பிறழ்வு என்பது செயலின் இயல்பன்று, விதி வகுப்போர் பிறர்மீது இடும் முத்திரையின் விளைவு என்றார்.

இதனை உணர நாம் அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. ஆங்கில அரசு 1871இல் இயற்றிய குற்றப் பரம்பரையினர் சட்டம், 1911ஆம் ஆண்டின் புதிய சட்டத்தால் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. ஒரு குலத்தின் பெயர் அறிவிக்கப்பட்டதும் அதில் பிறந்தோர் அனைவரும் ஐயத்துக்குரியோர் ஆயினர். அவ்வறிவிப்பை நீதிமன்றத்தில் எதிர்க்கவும் வழியில்லை. கைரேகை பதிக்க வேண்டியிருந்தமையால் மதுரை வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர்கள் இதனை ‘ரேகைச் சட்டம்’ என்றே வழங்கினர். பதிவு பெற்றோர் இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ தங்க வேண்டும். வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டின்றி உறவினர் திருமணத்துக்குச் சென்றவர் அதனாலேயே குற்றவாளியானார். இரவெல்லாம் சாவடியில் கிடந்தவன் பகலில் எவ்வாறு உழுவான்? பட்டியலில் உள்ளவனுக்கு யார் வேலை தருவர்? வறுமையால் ஒருவன் களவில் இறங்கினால், அக்களவே பட்டியலின் நியாயத்துக்குச் சான்றாயிற்று! ரேகை பதிக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. மாண்டோரில் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர்.

எனினும், இக்கோட்பாட்டை எல்லை கடந்து போற்ற நாம் உடன்படவில்லை. கொலையுண்டவன் வெறும் பெயர்சூட்டலால் மாண்டவனல்லன். முதல் தவறு ஏன் நிகழ்கிறது என்பதற்கும் இதில் போதிய விடை இல்லை. மது அருந்தித் தண்டனை பெற்ற ஒருவரை உடனிருந்தவர் சபித்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அங்கே தண்டனை கைவிடப்படவில்லை. தண்டனைக்குப் பிந்திய இழிசொல்லே விலக்கப்பட்டது. பட்டப்பெயர் சூட்டுவதைத் தடுக்கும் அல்-ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனத்தையும் நாம் இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் நீங்கியது. ஆயின், 1948லேயே பழக்கக் குற்றவாளிகளுக்கெனத் தனிச் சட்டமொன்று சென்னையில் பிறந்துவிட்டது. சிறை விதிகளில் இம்மக்களைப் பிறவிக் குற்றவாளிகளாக நடத்தும் குறிப்புகள் செல்லாவென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 அக்டோபரில்தான்.