கரிசல் சாலையில் எண்பது லட்சம்

சங்கரன்கோவிலுக்கு மேற்கே புளியங்குடி, வாசுதேவநல்லூர் பக்கம் போனால் மலையடிவாரச் செம்மண். கிழக்கே குருவிகுளம், கழுகுமலை பக்கம் திரும்பினால் கரிசல். கார் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த மண்ணைத்தான். ஷோரூமில் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள்.

கரிசலில் மொன்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் உண்டு. மெல்லிய ஏடுகளாக அடுக்கியிருக்கும் இதன் இடுக்குகளில் தண்ணீர் புகுந்தால் மண் உப்பும். கோடையில் நீர் வற்றினால் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேலே போட்ட தார்ச்சாலை என்ன செய்யும்? ஓரங்களில் ஈரம் அதிகமாக ஏறி இறங்குகிறது. நடுவில் அவ்வளவு மாற்றமில்லை. ஆகவே ஓரம் விரிசல் விடுகிறது, பரப்பு மெல்ல அலை அலையாக மாறுகிறது. குழி ஒன்றுகூட இல்லாத சாலையிலும் வண்டி தூக்கிப் போடுவது இதனால்தான்.

சங்கரன்கோவிலில் ஃபார்ச்சூனரும் இன்னோவாவும் பழகிப்போன வீடுகள் சில, இப்போது அடுத்த படிக்கு ஏறப் பார்க்கின்றன. பிஎம்டபிள்யூ எக்ஸ்3, மெர்சிடிஸ் ஜிஎல்சி, ஆடி க்யூ5, வால்வோ எக்ஸ்சி60 என்ற நான்கு பெயர்களைச் சுற்றித்தான் பேச்சு. எல்லாமே நாலே முக்கால் மீட்டர் நீளத்தை ஒட்டியவை. விலை எழுபது லட்சத்தை ஒட்டிப் போகும். தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 சதவீதம் என்பதால், ஆன்ரோடு விலை எண்பதைத் தாண்டும். இதில் எக்ஸ்3 நம் மாநிலத்திலேயே, செங்கல்பட்டு மாவட்டத்தில் 2007-இல் தொடங்கிய ஆலையில் பூட்டப்படுகிறது.

நான்கையும் எஸ்யூவி என்கிறோம். உண்மையில் இவை கிராஸ்ஓவர்கள். ஃபார்ச்சூனர், ஸ்கார்ப்பியோ போன்றவற்றில் லாரியைப்போல் ஏணிச் சட்டம் ஒன்று அடியில் இருக்கும். உடல் அதன்மேல் தனியாக உட்கார்ந்திருக்கும். கிராஸ்ஓவரில் சட்டமும் உடலும் ஒன்றே. உயரம் கூட்டிய கார் என்று சொன்னால் தப்பில்லை. டொயோட்டா 1997-இல் கேம்ரி காரின் அடித்தளத்தில் ஹாரியரைச் செய்து, அடுத்த ஆண்டு அமெரிக்காவில் லெக்சஸ் ஆர்எக்ஸ் 300 என்ற பெயரில் விற்றபோது சொகுசு கிராஸ்ஓவர் என்ற வகை சூடு பிடித்தது. ஆற்று மணலில் இறக்க வேண்டுமென்றால் ஏணிச் சட்டம்தான் நல்லது. தார்ச்சாலையில் போக, அது மோசமாக இருந்தாலும், ஒற்றை உடல் கொண்ட வண்டியே இலகுவானது, அடக்கமானது. நாம் போகிற இடம் எது என்பது நமக்குத் தெரியும்.

இனி உயரம். ஜிஎஸ்டியில் எஸ்யூவிக்குத் தனிக் கூடுதல் வரி இருந்த காலத்தில், தரை இடைவெளி 170 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கணங்களில் ஒன்று. காலி வண்டியிலா, ஆள் ஏற்றிய வண்டியிலா என்று பெரிய தகராறு நடந்தது. 2023 ஜூலையில் ஜிஎஸ்டி மன்றம் காலி வண்டியில்தான் என்று தீர்த்து வைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கூடுதல் வரியே போய், பெரிய கார்களுக்கெல்லாம் 40 சதவீதம் என்றாகிவிட்டது. ஆனால் விளம்பரத்தில் வரும் எண் இன்றும் பெரும்பாலும் காலி வண்டியின் எண்தான்.

காலி வண்டியில் குற்றாலம் போகிறவர் யார்? ஒரு கணக்குப் போடலாம். ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கும் எடை 1,700 கிலோ, வண்டி இயல்பாக ஆடும் வேகம் நொடிக்கு 1.2 முறை என்று வைத்துக்கொண்டால், தன் எடையிலேயே ஸ்பிரிங் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் அமுங்கியிருக்கும். ஐந்து பேரும் பெட்டிகளுமாக 400 கிலோ ஏற்றினால் இன்னும் நான்கு சென்டிமீட்டர் இறங்கும். பின்பக்கம் இதைவிடக் கூடுதல். 200 மில்லிமீட்டர் என்று படித்து வாங்கிய இடைவெளி 160 ஆகிறது.

அடி தட்டுமா என்பது அதோடு முடிவதில்லை. வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் வரையறுத்திருக்கிறது: 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு, அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.87 மீட்டர் உள்ள ஒரு கிராஸ்ஓவர் அதன்மேல் ஏறி நின்றால், வயிற்றுக்கு அடியில் மேடு வெறும் ஆறு சென்டிமீட்டர்தான் நீட்டிக்கொண்டிருக்கும். சாதாரணக் கார்கூடத் தாண்டிவிடும். நம் தெருக்களில் இருப்பது வேறு. பள்ளிக்கூடத்து முன்னால், யாரோ ஒரு விபத்துக்குப் பிறகு ஊரே கூடிப் போட்ட மேடு, அரை மீட்டர் அகலத்தில் சுவர்போல் எழும்பி நிற்கும். முன் சக்கரம் இறங்கி, பின் சக்கரம் இன்னும் ஏறாத கணத்தில் அதன் முழு உயரமும் வயிற்றுக்குக் கீழே இருக்கிறது. 18 சென்டிமீட்டர் மேடு என்றால் 160 மில்லிமீட்டர் இடைவெளி போதாது. நீளமான வண்டிக்கு இந்தக் கணம் இன்னும் நீளம். மின்சார வண்டியாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தட்டுகிற இடத்தில் இருப்பது பேட்டரிப் பெட்டி.

"அப்படியானால் இன்னும் உயரமான வண்டி எடுத்துவிடலாமே, அண்ணாச்சி?" என்று கேட்கத் தோன்றும். அதற்கு ஒரு விலை உண்டு. இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை, வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும் எண், கவிழாமல் நிற்கும் திறனுக்கு ஓர் அளவுகோல். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் பயன்படுத்துவது இதுதான். சாதாரணக் கார்கள் 1.3 முதல் 1.5 வரை வாங்கும். எஸ்யூவிகள் பொதுவாக 1.0 முதல் 1.3 வரை. கிராஸ்ஓவர்கள் அந்தப் பட்டியலின் மேல் முனையில் இருக்கின்றன. 1997-இல் ஸ்வீடனில் ஒரு பத்திரிகை நடத்திய திடீர்த் திருப்பச் சோதனையில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்து, அந்தச் சின்னக் காருக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டை எல்லா மாடலிலும் சேர்க்க வேண்டியதாயிற்று. இன்று நாம் பேசும் நான்கு வண்டிகளிலும் அது உண்டு. ஆரியங்காவு மலைப்பாதை வளைவில் அது காப்பாற்றும். டாப்பில் கேரியர் போட்டு மூட்டை கட்டினால் அதன் வேலை கடினமாகும்.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காற்றாலைகளை அங்கே சும்மா நட்டுவைக்கவில்லை. திருநெல்வேலி - சங்கரன்கோவில் - ராஜபாளையம் சாலை ஏறக்குறைய தெற்கு வடக்காகப் போகிறது. காற்று நேராக விலாவில் அடிக்கும். தென்காசிப் பக்கம் போனால் முகத்தில் அடிக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு 30 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்றால், காற்றுத் தடை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. உயர்ந்த, அகன்ற முகமுள்ள வண்டி அதை விலை கொடுத்து எதிர்கொள்கிறது: பெட்ரோலில்.

சொகுசு என்பது என்ன? தோல் சீட்டும் பெரிய திரையும் என்று சொல்வார்கள். இயற்பியலின் பதில் வேறு. மனித உடம்பு மேலும் கீழுமாக நொடிக்கு 4 முதல் 8 முறை குலுங்கினால்தான் மிக அதிகமாக வருந்துகிறது; வயிறும் முதுகெலும்பும் அந்த அதிர்வில் தாமும் சேர்ந்து ஆடத் தொடங்குகின்றன. ஆகவே கார் செய்பவர்கள் வண்டியின் உடல் பகுதியை நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறை மட்டுமே ஆடும்படி மென்மையான ஸ்பிரிங்கில் தொங்கவிடுகிறார்கள். சக்கரமோ நொடிக்கு 10, 15 முறை துள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த வருத்தும் பகுதி உள்ளே வராமல் வடிகட்டுவதில்தான் நல்ல வண்டிக்கும் வெறும் விலை உயர்ந்த வண்டிக்கும் வித்தியாசம்.

கரிசல் அலைக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. 14 மீட்டருக்கு ஓர் அலை என்றிருக்கும் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், நொடிக்கு 1.2 அலைகள் சக்கரத்தைத் தட்டுகின்றன. வண்டியின் இயல்பான ஆட்டமும் அதே எண். ஒன்றுக்கொன்று ஊட்டி ஆட்டம் பெருகும். வேகத்தைக் குறைத்தால் ஆட்டமும் குறையும். ஷாக் அப்சார்பரின் வேலை இந்தப் பெருக்கத்தைத் தின்பது. இறுக்கத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஷாக் அப்சார்பர்களுக்குக் கூடுதல் பணம் கேட்டால், சன்ரூஃபை விட்டுவிட்டு அதைக் கொடுக்கலாம் என்பேன். பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். முன்சக்கரம் ஏறிய மேட்டில் பின்சக்கரம் சற்றுத் தாமதமாக ஏறுவதால் வண்டி முன்பின்னாக ஊசலாடும். பின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வேகமாக ஆடவிட்டால் இரண்டும் சீக்கிரம் ஒத்துப்போகும் என்று மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் கண்டுபிடித்தார். அவர் எழுதிய விதி இன்றைக்கும் பின்சீட்டுக்காரர்களின் வயிற்றைக் காப்பாற்றுகிறது.

இவ்வளவையும் ஒரே அடியில் கெடுப்பது பெரிய வீல். சில டாப் மாடல்களில் 20, 21 அங்குல வீல் வரும், பார்க்க மிடுக்கு. டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் பெருக்கிப் பாருங்கள். 235/60 ஆர்18 என்றால் அகலம் 235 மில்லிமீட்டர், ரப்பரின் உயரம் அதில் 60 சதவீதம்: 141 மில்லிமீட்டர். 255/40 ஆர்21 என்றால் 102 மட்டும். கூர்மையான குழியில் விழும்போது ஸ்பிரிங்குக்கு முன்னால் அடியை வாங்குவது இந்த ரப்பரும் அதற்குள் இருக்கும் காற்றும்தான். நான்கு சென்டிமீட்டர் குறைந்தால் ரிம் வளையும், டயரின் பக்கவாட்டில் குமிழ் விடும். பெரிய ரிம் பொதுவாகக் கனமும்கூட. ஸ்பிரிங்குக்குக் கீழே கனம் கூடினால் சக்கரம் சாலையோடு ஒட்டி ஓடாது. செருப்போடு ஓடுவதற்கும் சேறு அப்பிய பூட்ஸோடு ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. ஒரே மாடலில் 18, 19 அங்குல வீல் கிடைத்தால் அதை எடுப்பதே புத்திசாலித்தனம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் எது என்று கேட்டால், இதைத்தான் காட்டுவேன்.

என்ஜின் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. நான்கிலும் கிடைப்பது 2 லிட்டர், நான்கு சிலிண்டர் என்ஜின்தான். எக்ஸ்3-யும் ஜிஎல்சி-யும் டீசலிலும் வருகின்றன. க்யூ5, எக்ஸ்சி60 பெட்ரோல் மட்டும். டீசல் எடுப்பவர் தன் ஓட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. பிடித்த கரியை எரிக்க, புகைக்குழாய்ச் சூடு 600 டிகிரியை ஒட்டி ஏற வேண்டும். அதற்கு நிற்காமல் கால் மணி நேரமாவது ஓட வேண்டும். வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து தறிக்கூடம் என்று இரண்டு கிலோமீட்டராக ஓடும் வண்டியில் அந்தச் சூடு ஏறவே ஏறாது. கரி அடைக்கும், எரிக்கத் தெளித்த டீசல் எரியாமல் என்ஜின் ஆயிலில் கலக்கும். வாரம் ஒருமுறை திருநெல்வேலி போய் வருகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. பெட்ரோல்காரருக்கு வேறு கணக்கு: ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் ஆற்றல் என்றால் எத்தனாலில் 21-தான். 20 சதவீதம் எத்தனால் கலந்த எரிபொருளில் ஆற்றல் ஏழு சதவீதம் குறைகிறது. மைலேஜில் அது தெரியும்.

வெயில். கருப்பு எஸ்யூவிக்கு ஒரு கம்பீரம் உண்டு, மறுக்கவில்லை. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் ஒரே மாதிரியான இரண்டு கார்களை, ஒன்று கருப்பு, மற்றது வெள்ளி நிறம், வெயிலில் நிறுத்தி அளந்தார்கள். 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். வெள்ளி நிறக் காரின் கூரை 25 டிகிரி வரை குளிர்ச்சி. உள்ளே காற்று ஐந்தாறு டிகிரி குளிர்ச்சி. கூரை முழுக்கக் கண்ணாடி போட்ட வண்டியில் நண்பகல் சூரியன் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் கொட்டுகிறது. நல்ல கண்ணாடி பெரும்பகுதியைத் தடுத்தாலும் மீதியும், சுட்ட கண்ணாடியின் வெக்கையும் தலையில்தான் இறங்கும். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்து வெட்டவெளியில் வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தானாகப் பிரேக் போடும் வசதிக்கு வால்வோ எக்ஸ்சி60 முன்னோடி. 2008-இலேயே அதை எல்லா மாடலிலும் கொடுத்தது. ஆட்டுமந்தை குறுக்கே வரும் சாலையில் அது பயன்படும் என்று நம்பலாம், ஆனால் அதை நம்பி ஓட்டக்கூடாது. கோட்டுக்குள் வண்டியைப் பிடித்து வைக்கும் வசதிக்குச் சாலையில் கோடு வேண்டும்.

டெஸ்ட் டிரைவ் கேட்கும்போது நால்வழிச் சாலையில் கொடுப்பார்கள். வீட்டு ஆட்கள் நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு, ஊருக்குள் வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எண்பது லட்சம் கொடுப்பவர் இதைக் கேட்கலாம். பிறகு டிக்கியின் தரை மூடியைத் தூக்கிப் பாருங்கள். சிலவற்றில் ஒல்லியான ஸ்டெப்னி இருக்கும். சிலவற்றில் பஞ்சர் ஒட்டும் பசையும் காற்றடிக்கும் சின்ன மோட்டாரும் மட்டும் இருக்கும். கிழிந்த டயருக்கு அவை உதவாது. ரன்ஃப்ளாட் டயர் என்றால் காற்றுப் போன பிறகு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல், 80 கிலோமீட்டர் தூரம் வரை போகலாம். அந்த டயரின் பக்கவாட்டு கெட்டி, குலுக்கலும் கொஞ்சம் கூடும். அதே அளவு டயர் திருநெல்வேலிக் கடைகளில் இருப்பில் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள்.